ஃப்ளோட் டியூப்பில் மீன் பிடிக்க இறங்கும் முன்: வட சென்னைக்காரர்களுக்கு ஓர் அறிமுகம்

ஏரியில் லாரி டியூப் ஒன்றை மிதக்கவிட்டு, குறுக்கே பலகை கட்டி, அதில் உட்கார்ந்தபடியே வலை விடுகிறவர்களைச் சென்னையைச் சுற்றி வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஃப்ளோட் டியூப்பும் அந்தக் குடும்பம்தான். அமெரிக்காவில் முன்பு விற்ற ஃப்ளோட் டியூப்களுக்குள் இருந்ததும் லாரி டியூப்தான்; மேலே தடித்த துணியில் உறை, நடுவில் தொங்கலாக ஓர் இருக்கை, அவ்வளவுதான். இன்றைக்கு வருகிறவை பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. ஆங்கில யு எழுத்துபோலவோ வி எழுத்துபோலவோ ஒரு பக்கம் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் நீளமான காற்றுப் பை, நடுவில் இருக்கை, முதுகுக்குச் சாய்மானம், திறந்த பக்கம் விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பி. மடிமேல் ஒரு துணி விரிந்திருக்கும்; மீனை அளக்க அதிலேயே அளவுகோல் அச்சிட்டுத் தருவதும் உண்டு.

துடுப்பு கிடையாது, மோட்டார் கிடையாது. உட்கார்ந்தால் கால் தண்ணீருக்குள் தொங்கும். காலில் வாத்துப் பாதம்போல அகன்ற ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு உதைத்தால் டியூப் பின்பக்கமாக நகரும். இரண்டு கையும் தூண்டிலுக்கே மிச்சம் என்பதுதான் இதன் கவர்ச்சி. மடித்துப் பையில் போட்டு ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போகலாம் என்பது இன்னொன்று. தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் கயாக் (நீளமான சிறு துடுப்புப் படகு) வாங்கினால் எங்கே வைப்பார்?

சரி, ஆளைத் தாங்குமா? கணக்கு எளிதுதான். தண்ணீரில் ஒரு லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் எதையும் தண்ணீர் ஒரு கிலோ அளவுக்கு மேலே தள்ளும். பக்கத்துப் பை ஒன்று 30 செ.மீ. விட்டமும் 130 செ.மீ. நீளமும் இருந்தால் அதற்குள் சுமார் 92 லிட்டர் காற்று நிற்கும். இரண்டும் சேர்ந்து 184 லிட்டர். ஒரு பை முழுதாகப் போனாலும் இன்னொன்று இருக்கிறது. மனித உடலும் தண்ணீரில் கிட்டத்தட்ட தானே மிதக்கிற பொருள்தான். சாய்ந்து, நனைந்து, பார்க்க அலங்கோலமாக இருக்கும், ஆனால் மிதப்பீர்கள். இரண்டு பையும் தனித்தனியாகக் காற்றடிக்கும்படி இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒரே பை சுற்றி வருகிற மலிவு ரகத்தையும், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் போட்டு விளையாடும் வளையத்தையும் இதற்கு நினைக்கவே வேண்டாம். உறையில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பில் உங்கள் எடையோடு ராடு, ரீல், தண்ணீர் பாட்டில், ஈரத் துணி எல்லாம் சேர்த்தி. வரம்பின் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆகவே மூழ்கிவிடுவோமோ என்ற பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். திரும்பி வர முடியுமா என்பதுதான் கேள்வி. நல்ல பழக்கம் உள்ளவர் உதைத்தாலும் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போவதே பெரிது. சாதாரணமாக நடந்து போகிறவரின் வேகத்தில் பாதிகூட வராது. காற்றோ நீரோட்டமோ அதற்கு மேல் வேகமாகத் தள்ளினால், உதைக்க உதைக்கக் கரை தள்ளிப் போகும். கீழே சொல்லப்போகிறவற்றில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

காற்றடிப்பது

முதல் தடவை மொட்டை மாடியில் செய்து பாருங்கள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. தரையைப் பெருக்கிவிட்டு ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே பை முறுக்கிக்கொள்ளாமல் படுத்திருக்கிறதா, வால்வு அதன் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பாதியளவு காற்று போனதும் நிறுத்தி, கையால் நீவி, சுருக்கம் எடுத்துவிட்டு ஜிப்பை முழுக்க மூடுங்கள். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நிரப்பலாம். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உறை ஒருபுறமாக இழுத்துத் தையலுக்குத்தான் பாரம். ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முழுக் காற்றும் அடிப்பது இன்னும் மோசம். உறை தாங்க வேண்டிய அழுத்தத்தைப் பை தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். கடைசியாகச் சாய்மானம், இருக்கை. கட்டைவிரலால் அழுத்தினால் உறை ஓரளவு உள்வாங்கித் திரும்ப எழ வேண்டும். கல்போல நிற்கக் கூடாது. காற்றளவு உங்கள் டியூப்பின் குறிப்பில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வரம்பு.

தெருமுனைப் பஞ்சர் கடையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் கணக்கு) அளவில் காற்று வைக்கிறார்கள். இந்த டியூப்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று பி.எஸ்.ஐ. போதும். கம்ப்ரஸர் ஒரு மூச்சு விட்டாலே தையல் பிரிந்துவிடும். காற்று மெத்தைக்கு அடிக்கிற கைப் பம்போ கால் பம்போதான் இதற்குச் சரி. அழுத்தம் குறைவு, காற்று அதிகம்.

காற்றடித்த டியூப்பை இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் வெயில் ஏறும் முன் அழுத்திப் பாருங்கள். லேசாகத் தளர்ந்திருந்தால் இரவுக் குளிர்ச்சியால் இருக்கலாம். தொளதொளவென்று ஆகியிருந்தால் சோப்புத் தண்ணீரை வால்விலும் தையலிலும் தடவுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை முட்டும்.

வெயில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சாமானோடு வரும் குறிப்புகளைக் குளிர்ந்த ஏரிகளில் மீன் பிடிப்பவர்களை நினைத்து எழுதியிருப்பார்கள். நம்மூர் சித்திரை வெயில் அவர்கள் கணக்கில் இருக்காது. 30 டிகிரியில் 2 பி.எஸ்.ஐ. வைத்த டியூப்பைக் கரையில் வெயிலில் போட்டு, உள்ளே காற்று 50 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ.க்குப் போய்விடும். ஒன்றரை மடங்கு! டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெடித்துக் கிடந்தால் தயாரித்தவரைத் திட்டிப் பயனில்லை. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு வால்விலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு நிழலில் சாய்த்து வையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. சூடான கரையில் நிரப்பிய டியூப் தண்ணீரில் பட்டதும் கொஞ்சம் தளரும். அதனால் இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் இருந்துவிட்டு, கரைக்கு வந்து நாலு தட்டு காற்று சேர்த்துக்கொண்டு மறுபடி போவது ஒரு நல்ல பழக்கம்.

உடுத்துவது

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். டியூப்பே மிதக்கிறதே என்பார்கள். டியூப்பை விட்டு நீங்கள் நழுவிய பிறகுதான் ஜாக்கெட்டுக்கு வேலை. சாய்மானத்தில் இடிக்காத குட்டை முதுகு உள்ளதாகப் பார்த்து, எல்லா பக்கிளையும் போட்டு அணிய வேண்டும். பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு போவது புகைப்படத்துக்குத்தான் ஆகும். நீச்சல் தெரியாதவர் இதில் இறங்குவதற்கு முன் நீச்சல் பழகட்டும்.

காலுக்கு வெளிநாட்டில் நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் கால்சட்டை சொல்வார்கள், குளிருக்காக. இங்கே அதைப் போட்டால் வெந்துவிடுவோம். நமக்கு நீர்புகாக் கால்சட்டை வேண்டியிருப்பது வேறு காரணத்துக்காக: வட சென்னையின் பல நீர்நிலைகளில் சாக்கடை கலக்கிறது, கால் மணிக்கணக்கில் அதில் ஊறும். மார்பு வரை வரும் மெல்லிய ரகம் நல்லது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் புகுவது குறையும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அதுவே ஆளைக் கீழே இழுத்துவிடும் என்பது கட்டுக்கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை. கரை ஏறும்போதுதான் கால் தூக்க முடியாமல் தவிப்பீர்கள். பண்ணைக் குட்டை போன்ற சுத்தமான தண்ணீர் என்றால் சீக்கிரம் காயும் முழுக்கால் பேன்ட்டும் தடித்த காலுறையும் போதும். ஜீன்ஸும் லுங்கியும் வேண்டாம். காலில் புண் இருந்தால் எந்தத் தண்ணீரும் வேண்டாம். மழை வெள்ளம் வடிகிற நாட்களில் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் நுழையும்.

ஃபின்ஸை ஒரு சிறு கயிற்றால் கணுக்காலோடு கட்டிவிடுங்கள். சேறு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால், மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடிக்க வேண்டியதுதான்.

இறங்குவதும் உதைப்பதும்

டியூப்பைத் தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். ஏரிக்கரை முழுக்கச் சீமைக் கருவேலம்; காய்ந்த முள் செருப்பையே துளைக்கும், டியூப்பை விடுமா? தண்ணீர் ஓரத்தில் ஃபின்ஸ் மாட்டி, டியூப்புக்குள் நின்று, கம்பியைப் பூட்டி, முதுகைத் தண்ணீருக்குக் காட்டியபடி பின்னோக்கி நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் ஃபின்ஸ் மடங்கி மூக்கு உடையும். முதலில் ஒரு கம்பால் தரையைக் குத்திப் பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் கலந்த சேறு மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். தண்ணீர் தொடைக்கு வந்ததும் மெல்ல உட்கார்ந்தால் டியூப் தானாக ஏந்திக்கொள்ளும். திரும்பும்போதும் முதுகுதான் முதலில் கரைக்கு வரும்; குதிகால் தரையைத் தொட்ட பிறகே எழுந்திருக்க வேண்டும்.

உதைப்பது இடுப்பிலிருந்து அல்ல, முழங்காலிலிருந்து. பாதத்தின் மேல்பக்கத்தால் தண்ணீரை முன்னே தள்ளுவதுபோல ஒரு கால் மாற்றி ஒரு கால். அவசரப்படாமல் நீளமாக உதைத்தால் தொடை வலிக்காது. திரும்ப வேண்டுமானால் ஒரு காலை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் உதையுங்கள். போகிற திசை முதுகுப் பக்கம் என்பதால் அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். வலை மிதவையில் போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

மார்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவைத்துக்கொண்டு, கம்பியைக் கழற்றி டியூப்பிலிருந்து வழுக்கி வெளியே வந்து, அதைப் பிடித்தபடியே கரை சேர்வதையும் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கம்பியைக் கழற்றத் தெரிய வேண்டும். யாரும் இதைப் பழகுவதில்லை, எனக்குத் தெரிந்து.

காற்றும் நீரோட்டமும்

சென்னையில் விடியற்காலையில் பெரும்பாலும் கரைக்காற்று, மேற்கிலிருந்து லேசாக. வெயில் ஏற ஏற, முற்பகல் கடைசியிலோ மதியத்திலோ கடல்காற்று கிழக்கிலிருந்து வந்து பிடிக்கும். ஆகவே விடிந்ததும் இறங்கி ஒன்பது, பத்து மணிக்குள் கரை ஏறுவதுதான் முறை. வெயிலுக்கும் அதுவே நல்லது. ஆனி, ஆடியில் கணக்கு மாறும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று காலையிலேயே பலமாக அடிக்கும். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி அடிக்கிற காற்று ஏமாற்றும்: கரையோரம் மரமும் கட்டடமும் மறைப்பதால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நூறு மீட்டர் போனால்தான் காற்றின் கை தெரியும். அப்போது திரும்புகிற பாதை முழுக்க எதிர்க்காற்று.

அதனால் எப்போதும் காற்றை எதிர்த்தே முதலில் போங்கள். கால் சோர்ந்தபோது காற்று உங்களைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டு வரும். இறங்கும் முன்பே இன்னொன்றையும் பாருங்கள்: ஒன்றுமே செய்யாமல் மிதந்தால் எந்தக் கரையில் போய் ஒதுங்குவோம், அங்கே ஏற முடியுமா? ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரம் என்றால் ஃபின்ஸ் சிக்கிக்கொள்ளும். செங்குத்தான கற்சுவர் என்றால் ஏறவே முடியாது.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் அனல் மின் நிலையப் புகைக்கூண்டைப் பார்த்துக் காற்றுத் திசை சொல்வார்கள். அது அந்த உயரத்துக் காற்று. தண்ணீர் மட்டத்தில் வேறாக இருக்கலாம். ராடு நுனியில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டால் போதும். இலையும் சிறு கிளையும் விடாமல் ஆடினாலே தொடக்கக்காரர் கரையில் இருப்பது நல்லது. தண்ணீரில் வெள்ளை நுரை தெரிந்தால் யாருமே இறங்கக் கூடாது.

நீரோட்டம் இதைவிடக் கடுமையானது. வினாடிக்கு அரை மீட்டர் என்றால் பார்க்க ஒன்றுமில்லை, இலை ஒன்று சோம்பலாக மிதந்து போகும் வேகம். மணிக்கணக்கில் பார்த்தால் 1.8 கிலோமீட்டர், அதாவது உங்கள் முழு பலம். ஓடும் தண்ணீரில் நங்கூரம் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கயிறு இழுக்க, தண்ணீர் தள்ள, டியூப் தலைகுப்புறப் போகும்.

எங்கே

கடல் கிடையாது. காசிமேடு, திருவொற்றியூர் கரையில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே தண்ணீர் அடங்கினாற்போலத் தெரிந்தாலும் அலையும் இழுவையும் உண்டு. கற்களில் ஒட்டியிருக்கும் ஆளி ஓடு உறையைக் கத்தி மாதிரி கிழிக்கும்.

புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள், அங்கே இறங்கும் பேச்சே இல்லை. ரெட்டேரி, கொரட்டூர், மாதவரம் போன்ற ஏரிகள் அரசு நீர்நிலைகள். மீன் குத்தகை யாரிடமாவது இருக்கலாம். அரசாங்க ஏரிதானே, யார் கேட்பார்கள் என்று இறங்கக் கூடாது. அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் எண்ணூர்க்காரர்களுக்குப் பெரிய ஆசை. கொடுவா, செப்பிலி எல்லாம் ஏறி வரும் இடம். ஆனால் நாளுக்கு இரண்டு முறை ஏற்றமும் வற்றமும். வற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கடலை நோக்கி இழுக்கும். அனல் மின் நிலையத்தின் வெந்நீரும் கலக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது ஊருக்கே தெரியும். அதோடு அது முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் மக்களின் பிழைப்பு நடக்கும் தண்ணீர். வலை விட்டிருக்கும் நேரத்தில் ஒருவர் டியூப்பில் மிதந்து வந்தால் கோபம் வரத்தான் செய்யும். பழகாதவருக்கு அது இடமில்லை என்பது என் கருத்து. பழகியவர்கூட அங்கே போவதற்கு முன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம், “அண்ணே, இன்னைக்கு வற்றம் எப்போ?” என்று கேட்டுவிட்டு, ஃபைபர் படகு ஒன்று கூட வந்தால் மட்டும் போகட்டும்.

பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது, பார்க்க ஏற்ற இடமாகத் தோன்றும். அங்கே எந்த ஊர் எந்த இடத்தில் என்றைக்கு வலை விடலாம் என்பதற்குப் பாடு என்ற முறை உண்டு. தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமும்கூட. காற்றுக்கு மறைப்பே இல்லாத வெளி என்பதை வேறு சொல்ல வேண்டும்.

மிச்சம் இருப்பது மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துத் தனியார் மீன் குட்டைகள். சொந்தக்காரரிடம் பேசி, பணம் கொடுத்து, நாலு பக்கமும் கரை தெரிகிற குட்டையில் கற்றுக்கொள்ளுங்கள். கட்லாவும் ஜிலேபியும்தான் மாட்டும், பரவாயில்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

கரையில் ஒருவர் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழுத்தில் விசில், நீர்புகாப் பையில் போன், குடிக்கத் தண்ணீர். அவசரத்துக்கு 112, கடலோரம் என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

காற்று தள்ளிக்கொண்டு போனால் நேராக எதிர்த்து உதைத்துத் தீர்ந்துபோகாதீர்கள். குறுக்காகச் சாய்த்து உதைத்து, பக்கவாட்டில் கிடைக்கிற கரையில் ஏறி நடந்து வாருங்கள். ஒரு பை போனால் நல்ல பக்கம் சாய்ந்து அதை அணைத்துக்கொண்டு உதையுங்கள். எந்த நிலையிலும் டியூப்பை விட்டுவிட்டு நீந்தலாம் என்று கிளம்பக் கூடாது. தூரத்தில் இடி கேட்டதும் கரை. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், தண்ணீர்ப் பரப்பில் உயர நிற்பது அது ஒன்றுதான்.

கெளுத்தி மாட்டினால் மடியில் போடாதீர்கள். அதன் முள் துணியையும் பையையும் ஒரே குத்தில் துளைக்கும், உங்கள் தொடையையும்தான். நீண்ட மூக்கு இடுக்கியால் கொக்கியை எடுத்துத் தண்ணீரிலேயே விடுங்கள். கத்தி உறையோடு இருக்கட்டும், நுனி மழுங்கியதாக இருந்தால் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து, ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். உப்பு ஏறிய ஜிப் அடுத்த முறை அசையாது. இறுக்கி மடிக்காமல் தளரச் சுருட்டி, மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், எலி தொல்லை நம் பக்கம் சொல்லவே வேண்டாம். ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப்புக்குத் தடவும் சொல்யூஷன் பி.வி.சி. பையில் நிற்காது, பி.வி.சி.க்கு உள்ள பசையும் அதே பொருளில் துண்டும் வேண்டும். ஒட்டியதும் பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, பாதிக் காற்றில் ஓர் இரவு மாடியில் வைத்துப் பார்த்த பிறகு தண்ணீருக்கு எடுத்துப் போகலாம்.